அந்த நாலு விநாடி

தரையிறக்கம் அருமையாக அமைந்தது. சக்கரம் ஓடுதளத்தைத் தொட்ட இடம் எனக்கே சரியாகத் தெரியவில்லை. அவ்வளவு மெதுவாக உட்கார்ந்தது விமானம். டாக்ஸிவேயில் திரும்பும்போது பக்கத்து இருக்கையில் இருந்த தங்கச்சி, "அண்ணா, தரை தட்டினதே தெரியலையே!" என்றாள். விமானத்தை நிறுத்தி, இறக்கையையும் வாலையும் கட்டிவிட்டு, காரில் ஏறிய பிறகும் அவள் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தாள். அம்மாவுக்கு போன் போட்டு அங்கேயும் சொன்னாள். எனக்கு அந்தத் தரையிறக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச வரவில்லை. அதற்கு ஆறு நிமிடம் முன்னால் நடந்த ஒன்று மண்டைக்குள் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. அதை அவள் பார்க்கவில்லை. கட்டுப்பாட்டு டவரில் இருந்தவர்களும் பார்த்திருக்க மாட்டார்கள். பறந்த கணக்கை எழுதும் லாக்புக்கிலும் அதற்கு இடம் இல்லை.

நான் பொழுதுபோக்காக விமானம் ஓட்டுகிறவன்; வருடத்துக்கு 25 மணி நேரம் பறந்தால் அதிகம். வேலை, குடும்பம், இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற ஒரு சனிக்கிழமை, அன்றைக்கு வானிலையும் வாடகை விமானமும் சேர்ந்து கைகொடுக்க வேண்டும். இதைப் படிக்கிற பாதிப் பேரின் கதையும் இதுதான் என்று நினைக்கிறேன். அந்த முறை கிட்டத்தட்ட நாலு மாதம் இடைவெளி விழுந்திருந்தது. தங்கச்சியைக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்ததால், முந்தைய வாரமே தனியாகப் போய் மூன்று முறை ஏறி இறங்கினேன். காற்றே இல்லாத காலை நேரம். ஓடுதளத்தைச் சுற்றிவந்து இறங்கும் பாதையான சர்க்யூட்டில் வேறு விமானம் இல்லை. மூன்றும் நன்றாக வந்தன. கை மறக்கவில்லை என்ற நிம்மதியோடு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த வாரம், தங்கச்சியோடு. பழைய செஸ்னா 172 என்ற சிறிய விமானம்; இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃபிளாப் என்ற பலகை 40 டிகிரி வரை இறங்கும் வகை. அரை மணி நேரம் சுற்றிவிட்டுத் திரும்பி, முழு ஃபிளாப்போடு ஃபைனலில், அதாவது ஓடுதளத்துக்கு நேராக இறங்கும் கடைசிக் கட்டத்தில், வந்துகொண்டிருந்தோம். தரையிலிருந்து 150 அடி இருக்கும். முன்னால் இறங்கிய விமானம் ஓடுதளத்தை விட்டு விலகத் தாமதமானது. டவரிலிருந்து "கோ அரவுண்ட்" என்று வந்தது: இறங்காதே, மேலே ஏறித் திரும்பச் சுற்றி வா என்று அர்த்தம். நான் முதலில் செய்த வேலை, மைக்கை அழுத்திப் பதில் சொன்னது. அதுவே தப்பு. முதலில் விமானத்தை ஓட்டு, பேச்சு கடைசியில் என்பது முதல் மாதத்தில் சொல்லிக்கொடுத்த பாடம். அப்புறம் எஞ்சின் சக்தியைக் கூட்டும் த்ராட்டிலை முழுதாகத் தள்ளினேன். மூக்கை ஒரு நிலையில் நிறுத்திவைக்க, இறங்குவதற்காக வைத்திருந்த டிரிமினால் சக்தி வந்தவுடன் மூக்கு தானாக மேலே எழும்பியது. அதை அழுத்திப் பிடித்தேன். வலது கால் கேட்காமலேயே வால் சுக்கானான ரடரை மிதித்தது. அது வரைக்கும் சரி.

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. வேகமானி 50 நாட் (மணிக்குச் சுமார் 93 கி.மீ.) என்ற இடத்தில் நின்றது. ஏறுவீதம் காட்டும் முள் பூஜ்யத்தை ஒட்டி நடுங்கிக்கொண்டிருந்தது. எஞ்சின் முழுச் சத்தத்தில் உறுமுகிறது, விமானம் ஏற மாட்டேன் என்கிறது, ஓடுதளத்தின் மறுமுனையில் இருந்த மரங்கள் அதே உயரத்தில் நிற்கின்றன. ஏதோ ஒன்று பாக்கி என்று தெரிகிறது. எது என்று வரவில்லை. நன்றாகத் தெரிந்தவரை வழியில் பார்த்ததும் பெயர் நாக்கு நுனியில் வந்து நின்றுவிடுமே, அப்படி. பிறகு கை தானாக ஃபிளாப் நெம்புகோலுக்குப் போனது. 20 டிகிரிக்கு ஏற்றினேன். விமானம் ஒரு தரம் தொய்ந்து, பிறகு பிடித்துக்கொண்டு ஏறத் தொடங்கியது. இன்னும் சில நொடி கழித்துத்தான் பனி உறையாமல் இருக்க எஞ்சினுக்குச் சூடான காற்றை அனுப்பும் கார்ப்யூரேட்டர் ஹீட் குமிழ் இழுத்தபடியே இருப்பதைப் பார்த்து உள்ளே தள்ளினேன். எஞ்சினின் குரல் மாறியது.

எல்லாம் சேர்த்து நாலு விநாடி இருக்கும். 55 நாட் வேகத்தில் நாலு விநாடி என்றால் நூறு மீட்டருக்கு மேல். சூடான காற்று அடர்த்தி குறைந்தது என்பதால் கார்ப் ஹீட் இழுத்திருந்தால் எஞ்சினின் முழுச் சக்தி கிடைக்காது. 40 டிகிரி ஃபிளாப் என்பது இறங்குவதற்கான பெரிய தடுப்புப் பலகை. அதைத் தொங்கவிட்டுக்கொண்டு ஏறப் பார்ப்பது, கை பிரேக் போட்டபடி மேட்டில் வண்டியை ஏற்றுவது மாதிரி. இது எல்லாமே எனக்குத் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்: த்ராட்டில் முழுசு, கார்ப் ஹீட் உள்ளே, ஃபிளாப் உடனே 20, வேகம் 55, தடைகளைத் தாண்டிய பிறகு மீதி ஃபிளாப். அன்றைக்கு அந்த உயரத்தில் மட்டும் வரவில்லை.

சட்டப்படி சரிதான்

பறக்கிற எல்லோருக்கும் தெரிந்த 90 நாள் கணக்கில் நான் சரியாகத்தான் இருந்தேன். அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏவின் விதியானாலும் ஐரோப்பிய விதியானாலும், பயணியை ஏற்றிக்கொள்ள வேண்டுமென்றால் கடந்த 90 நாளில் மூன்று முறை ஏறி மூன்று முறை இறங்கியிருக்க வேண்டும். அதைத்தான் முந்தைய வாரம் செய்தேன். அந்த விதியை நான் குறை சொல்லவில்லை. தரையிறக்கமும் துருப்பிடிக்கிற விஷயம்தான். தரையைத் தொடும் முன் மூக்கைத் தூக்கி ஃபிளேர் செய்கிற உயரம் கண்ணுக்குப் பழகியிருக்க வேண்டும், நாலு மாதம் விட்டால் ஐந்தடி உயரத்தில் மிதந்துகொண்டு நிற்போம். விதி என்பது குறைந்தபட்ச எல்லைதான். அந்தக் குறைந்தபட்சத்தைத் தொட்டுவிட்டு, தயாராகிவிட்டோம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எனக்கு உறுத்தியது வேறு ஒன்று. காற்றில்லாத காலையில், காலியான சர்க்யூட்டில், எனக்குப் பழக்கமான ஓடுதளத்தில் நான் செய்த மூன்று தரையிறக்கமும், எனக்கு ஏற்கெனவே நன்றாக வருகிற ஒரு விஷயத்தையே மூன்று தடவை நிரூபித்தன. மற்றதையெல்லாம் அவை தொடவே இல்லை. இதை நினைக்கும்போது விமான நிறுவனங்களில் ஓட்டுகிறவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். அவர்கள் வாரத்தில் பல நாள் பறக்கிறார்கள். ஆனாலும் பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒரு முறை சிமுலேட்டரில் உட்கார வைத்து, டேக்ஆஃபில் எஞ்சின் போவது, தரையிறங்குவதைக் கடைசி நேரத்தில் கைவிடுவது என்று, தினசரிப் பறத்தலில் வராததைத்தான் செய்யச் சொல்கிறார்கள். சாதாரணத் தரையிறக்கம் அவர்களுக்குத் தினமும் கிடைக்கிறது. அசாதாரணத்துக்காக நேரம் ஒதுக்குகிறார்கள். எப்போதாவது பறக்கிற நாமோ, கிடைக்கிற ஒரு மணி நேரத்தைச் சாதாரணத்துக்கே கொடுத்துவிடுகிறோம். அசாதாரணத்தை யாருக்கு மறக்க வாய்ப்பு அதிகமோ, அவரிடம் அதைப் பழக நேரம் இல்லை.

கை மறப்பதில்லை, தலை மறக்கிறது

சைக்கிள் ஓட்டுவது மாதிரி, ஒரு முறை வந்துவிட்டால் மறக்காது என்று பறப்பதைப் பற்றிச் சொல்வார்கள். பாதி உண்மை. என் வலது கால் ரடரை மிதித்ததே, அந்தப் பாதி. மீதிப் பாதியைப் பற்றி 1983-இல் எஃப்ஏஏவுக்காக நடந்த ஒரு ஆய்வு இருக்கிறது. தனியார் விமானி உரிமம் வாங்கியவர்களை 8 மாதம், 16 மாதம், 24 மாதம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டு, அதே பயிற்சிகளைப் பறந்துகாட்டச் சொன்னார்கள். திறமை கணிசமாகச் சரிந்திருந்தது. வெறும் கைப்பழக்கம் சார்ந்த வேலைகளை விட, நினைவும் வரிசையும் முடிவெடுப்பதும் சேர்ந்த வேலைகளில்தான் சரிவு பெரிதாக இருந்தது. என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இன்னொரு விஷயம்: எது எது நமக்கு மறந்திருக்கும் என்று அந்த விமானிகள் தாங்களே சொன்னதற்கும், அவர்கள் பறந்துகாட்டியதற்கும் சரியான பொருத்தம் இல்லை. எனக்கு எது மறந்திருக்கும் என்று என்னிடம் கேட்டிருந்தால், தரையிறக்கம் என்றுதான் சொல்லியிருப்பேன். அதனால்தானே மூன்று தரையிறக்கம் செய்தேன்.

2014-இல் நாசாவின் ஆய்வாளர்கள் போயிங் 747-400 சிமுலேட்டரில் விமான நிறுவன விமானிகளை வைத்துச் செய்த ஆய்வும் கிட்டத்தட்ட இதே பக்கம்தான் கை காட்டியது. தானியங்கிக் கருவிகளோடு வருடக்கணக்காகப் பறந்தவர்களை அவை இல்லாமல் ஓட்டச் சொன்னபோது, கையால் ஓட்டுவதும் கருவிகளைக் கண்ணால் வருடிப் படிப்பதும் பெரும்பாலும் அப்படியே இருந்தன. எங்கே இருக்கிறோம், அடுத்து என்ன, எந்தக் கருவி பொய் சொல்கிறது என்று தலைக்குள் நடக்க வேண்டிய வேலையில்தான் தடுமாற்றம். அவர்களோடு என்னை ஒப்பிட எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. ஆனால் கை போட்ட பாதையில் கை போகும், தலை மட்டும் விமானத்துக்குப் பின்னால் ஓடிவரும் என்பது எனக்கு நடந்ததை அப்படியே சொல்கிற மாதிரி இருந்தது.

அடிக்கடி பறக்கும்போது நம் கவனத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். கை தன் வேலையைச் செய்துகொண்டிருக்க, மனம் ரெண்டு நிமிடம் முன்னால் போய் நிற்கும்: முன்னால் இறங்கியவர் மெதுவாகப் போகிறாரே, ஒருவேளை கோ அரவுண்ட் வருமோ, வந்தால் முதலில் த்ராட்டில், அப்புறம் கார்ப் ஹீட், அப்புறம் ஃபிளாப். இடைவெளி விட்டால் முதலில் காணாமல் போவது இந்த மிச்சம்தான். அன்றைக்கு ஃபைனலில் என் மொத்தக் கவனத்தையும் வேகமும் கோணமும் தின்றுகொண்டிருந்தன. முன்னால் போன விமானம் கண்ணில் பட்டது. அதன் அர்த்தம் மனதில் படவில்லை.

இதே கவனப் பஞ்சம் இன்னும் ஆபத்தான இடத்திலும் வரும். ஓடுதளத்துக்குக் குறுக்காகப் போகும் பேஸ் என்ற பகுதியிலிருந்து ஃபைனலுக்குத் திரும்பும்போது பின்காற்று தள்ளி, ஓடுதளத்தின் கோட்டைத் தாண்டிப் போய்விடுகிறோம் என்று வையுங்கள். திரும்பப் பிடிக்க இன்னும் சாய்க்கத் தோன்றும். சாய்க்கப் பயந்தால் கால் உள்பக்க ரடரை அழுத்தப் பார்க்கும். உயரம் குறையாமல் 45 டிகிரி சாய்ந்து திரும்பினால் ஸ்டால் வேகம் (அதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காது) 19 சதவீதம் கூடும், 60 டிகிரியில் 41 சதவீதம். அந்த நேரத்தில் உள் ரடரும் சேர்ந்தால் உள்பக்க இறக்கை முதலில் விழும். 500 அடியில் அதை மீட்க உயரம் இல்லை. தொடர்ந்து பறக்கிறவர் கோட்டைத் தாண்டியதை ஒரு விநாடியில் ஒப்புக்கொண்டு, இறக்கையை நேராக்கி, சுற்றிவரப் போய்விடுவார். எனக்கு அந்த ஒரு விநாடி நாலாகிவிடும் என்பதுதான் அன்றைக்கு எனக்குத் தெரியவந்தது.

லாக்புக்கில் இல்லாத பத்தி

ஒரு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம்தான் காரணம். அப்புறம் என் பயிற்சியாளரைப் போய்ப் பார்த்தேன். எனக்கு உரிமம் வாங்கிக்கொடுத்தவர், இப்போதும் ஃபிளைட் ரிவியூ என்ற மறுபரிசோதனைக்கு அவரிடம்தான் போகிறேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இதுக்கு முன்னாடி கடைசியா எப்போ கோ அரவுண்ட் பண்ணினீங்க?"

"ஞாபகம் இல்ல சார். லாக்புக்கைப் பார்த்துச் சொல்றேன்."

"பாருங்க."

பையிலிருந்து எடுத்துப் புரட்டினேன். தேதி, விமானம், புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், நேரம், பகல் தரையிறக்கம் எத்தனை, இரவு எத்தனை. பக்கம் பக்கமாகத் திருப்பினேன். கடைசி மூன்று வருடத்தில் நூறுக்கு மேல் தரையிறக்கம். கோ அரவுண்ட் ஒன்றுகூட இல்லை. செய்யவே இல்லையா, செய்து எழுதவில்லையா என்பதுகூடத் தெரியவில்லை. அதற்கு ஒரு பத்தியே கிடையாது. பாதியில் திரும்பி வந்ததற்கும் பத்தி இல்லை. காற்றைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்ததற்கும் இல்லை. அவர் நான் புரட்டுவதைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "இறங்கினதை மட்டும்தான் எண்ணி வச்சிருக்கீங்க" என்றார்.

அந்த வாக்கியத்தை நான் ரொம்ப நாள் சுமந்துகொண்டு திரிந்தேன். இத்தனை வருடமும் என் திறமையை நான் எதை வைத்து அளந்தேனோ, அந்த அளவுகோலில் எனக்கு நிஜமாகத் தேவைப்படுகிற திறமைக்கு இடமே இல்லை. எண்ணுவதைத்தான் பழகுகிறோம். 90 நாளில் மூன்று என்று எண்ணச் சொன்னார்கள், மூன்றைச் செய்தேன். அன்று மாலையே குறிப்புப் பத்தியில் எழுதத் தொடங்கினேன். அந்த சனிக்கிழமைப் பறத்தலின் பக்கத்தில், "கோ அரவுண்ட் 1. ஃபிளாப் தாமதம், நாலு விநாடி. கார்ப் ஹீட் மறதி" என்று சேர்த்தேன். எழுதும்போது கை கொஞ்சம் நடுங்கியது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

நாற்காலியில் பறப்பது

இப்போது நான் செய்கிற காரியங்களில் அதிகப் பலன் கொடுப்பதற்குக் காசே ஆவதில்லை. ஒரு நாற்காலி போதும். காக்பிட்டின் புகைப்படம் ஒன்றைப் பெரிதாக அச்சடித்து எதிரில் சுவரில் ஒட்டியிருக்கிறேன். வாரத்தில் இரண்டு மாலை, பத்துப் பத்து நிமிடம், அதற்கு முன்னால் உட்கார்ந்து ஒரு சர்க்யூட்டை முழுசாக ஓட்டுகிறேன். மனதுக்குள் ஓட்டினால் போதாது. கை எழும்ப வேண்டும், விரல் அந்த நெம்புகோல் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும், வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முதல் நாள் கண்ணை மூடிக்கொண்டு ஃபிளாப் நெம்புகோலைத் தொடப் போனேன். கண்ணைத் திறந்து பார்த்தால் விரல் எரிபொருள் கலவையைக் கட்டுப்படுத்தும் மிக்ஸ்சர் குமிழில் இருந்தது. ஃபைனலில் அந்தக் குமிழை இழுத்திருந்தால் எஞ்சின் நின்றிருக்கும். அதை என் வீட்டு நாற்காலியில் தெரிந்துகொண்டதில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லத் தெரியவில்லை.

ஒவ்வொரு நாற்காலிச் சர்க்யூட்டிலும் ஏதாவது ஒன்றைக் கெடுக்கிறேன். துண்டுச் சீட்டுகளில் எழுதி ஒரு டப்பாவில் போட்டிருக்கிறேன்: 500 அடியில் எஞ்சின் நிற்கிறது, கதவு திறந்துகொள்கிறது, வேகமானி பூஜ்யம் காட்டுகிறது, டவர் ஓடுதளத்தை மாற்றுகிறது, 50 அடியில் கோ அரவுண்ட். ஓடுதளத்துக்கு இணையாகப் போகும் டவுன்விண்ட் பகுதியில் ஒரு சீட்டை எடுக்கிறேன். சீட்டைப் படித்த நொடியிலிருந்து கை நகரும் வரைக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது என்று கவனிக்கிறேன். முதல் மாதம் கதவு திறந்துகொண்டதற்கே தடுமாறினேன். அதற்கான பதில் ரொம்ப எளிது: கதவை விட்டுவிட்டு விமானத்தை ஓட்டு. கணினி சிமுலேட்டரும் இந்த வேலைக்கு உதவும், வரிசையைப் பழகவும் புது இடத்தின் ரேடியோவையும் வழியையும் முன்கூட்டிப் பார்க்கவும். தரையிறக்கத்தை அதில் பழகாதீர்கள் என்பது என் கருத்து. ஓரக்கண்ணில் தரை எழும்பி வருவதும் இருக்கையின் அடியில் தெரிகிற சறுக்கலும் திரையில் கிடைக்காது.

வானத்தில் கிடைக்கிற மணி நேரத்தின் அமைப்பையும் மாற்றிவிட்டேன். முன்பெல்லாம் புறப்பட்டு, எங்கேயாவது சுற்றிப் பார்த்துவிட்டு, இறங்குவேன். அந்த ஒரு மணி நேரத்தில் ஐம்பது நிமிடம் நேராகப் பறப்பது. நேராகப் பறப்பது யாருக்கும் மறப்பதில்லை. இப்போது போகிற வழியில் உயரத்துக்குப் போய் மெதுவேகப் பறத்தல், ஒரு ஸ்டால், இரண்டு பக்கமும் 45 டிகிரியில் ஒரு சுற்று. உரிமத் தேர்வில் கேட்ட அதே அளவு, உயரம் 100 அடிக்குள், வேகம் 10 நாட்டுக்குள். அந்த அளவுக்குள் வராத நாளில் பயணி இல்லை. அப்புறம் திரும்பி வந்து ஒரு கோ அரவுண்ட், த்ராட்டிலை மூடி ஒரு இறக்கம், ஃபிளாப் இல்லாமல் ஒன்று. சுற்றிப் பார்ப்பது மீதி நேரத்தில். மகிழ்ச்சி குறையவில்லை. மூன்று மாத இடைவெளிக்குப் பிறகு என்றால் முதல் பறத்தல் பயிற்சியாளரோடுதான். மறந்ததைத் திரும்பப் பிடிக்க, முதலில் கற்ற அளவு நேரம் ஆவதில்லை. எனக்குப் பெரும்பாலும் இரண்டாவது சர்க்யூட்டிலேயே துரு உதிர ஆரம்பித்துவிடுகிறது. அந்த முதல் சர்க்யூட்டில்தான் பக்கத்தில் இன்னொருவர் வேண்டியிருக்கிறது.

போகாமல் இருப்பதையும் ஒரு திறமையாகப் பழகுகிறேன், எனக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம். ஆறு வாரம் காத்திருந்து கிடைத்த சனிக்கிழமை; லீவு சொல்லியாயிற்று, கூட வருகிறவர் கிளம்பி வந்துவிட்டார், மேகம் எதிர்பார்த்ததை விடத் தாழ்வாக இருக்கிறது. தினமும் பறக்கிறவர் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சுலபமாகச் சொல்லிவிடுவார். நமக்கு நாளை என்பது அடுத்த மாதம். ஆக, யாருக்குப் பயிற்சி குறைவோ அவருக்குத்தான் போயே ஆக வேண்டும் என்ற உந்துதல் அதிகம். 1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளைப் பார்த்து மட்டும் பறக்கப் பழகாத 20 மாணவர்களை மேகத்துக்குள் நுழைந்த நிலையைப் போலச் செய்து பறக்கவிட்டார்கள். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 விநாடியில். அந்த எண்ணை எங்கள் கிளப் சுவரில் பல வருடமாகப் பார்க்கிறேன். என்னுடைய நாலு விநாடிக்குப் பிறகுதான் அது எனக்கும் சொன்னது என்று பட்டது. இப்போது என் எல்லைகளை வீட்டிலேயே, முந்தின நாள் இரவே எழுதி வைத்துவிடுகிறேன்: கடைசியாகப் பறந்து இத்தனை வாரம் ஆகியிருந்தால் பக்கக் காற்று இத்தனை நாட் வரைக்கும், மேகம் இத்தனை அடிக்கு மேலே. ஓடுதளத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு புதிதாக ஒரு எல்லையைத் தளர்த்தக் கூடாது. திரும்பி வந்த நாட்களையும் லாக்புக்கின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். இதுவரை ஒன்பது.

தங்கச்சியிடம் சொன்னது

தங்கச்சி மறுபடியும் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஏதாவது காரணம் சொல்லித் தள்ளிப்போட்டேன். கடைசியில் ஒரு நாள் உட்கார வைத்து, அந்த நாலு விநாடியை அவளிடம் சொன்னேன். எந்த நெம்புகோலை, எந்தக் குமிழை மறந்தேன், மரம் எவ்வளவு கிட்டே இருந்தது, எல்லாவற்றையும். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணா" என்றாள். பயந்துவிடுவாள் என்று நினைத்ததாகச் சொன்னேன். "நீ சொல்லாம விட்டதுதான் பயமா இருக்கு" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

போன மாதம் போனோம். அதற்கு முந்தைய மூன்று வாரத்தில் பயிற்சியாளரோடு ஒரு தடவை, தனியாக இரண்டு தடவை பறந்திருந்தேன். புறப்படும் முன்னால் அவளிடம், "முதல் தடவை இறங்கறப்போ இறங்க மாட்டேன், திரும்ப மேல போயிடுவேன். வேணும்னேதான். எஞ்சின் சத்தம் பெருசா வரும்" என்றேன். என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டாள். வரிசையைச் சொன்னேன். விரலை மடக்கி ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். டவரிடம் முன்கூட்டியே சொல்லி, ஃபைனலில் 200 அடிக்கு வந்ததும் தொடங்கினேன். த்ராட்டில். கார்ப் ஹீட். ஃபிளாப் 20. மூக்கைப் பிடித்து, வேகம் 55. ஏறுவீத முள் மேலே நகர்ந்தது. மைக் பக்கம் கை கடைசியில்தான் போனது. பக்கத்தில் அவள் என் வலது கையையே பார்த்துக்கொண்டு வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது சுற்றில் இறங்கினோம். பின்சக்கரம் இரண்டும் கொஞ்சம் அழுத்தமாகவே தட்டின. அவள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. விமானத்தைக் கட்டி முடித்ததும் லாக்புக்கை வாங்கி, குறிப்புப் பத்தி எது என்று கேட்டு, அவளே எழுதினாள்: "கோ அரவுண்ட் 1. ரெண்டு விநாடி. நான் எண்ணினேன்."